கூடுதலாக ஐந்து நிமிடம்

பந்தைக் கையில் வாங்கி, நிலத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தற்செயலாகத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பார்வையாளர் மாடத்தில் இரண்டாவது வரிசையில் அப்பா இருந்தார்.

முதலில் நான் நம்பவில்லை. அப்பாவைப் போல வேறு யாரோ என்று நினைத்தேன். லண்டனில் வழுக்கைத் தலைக்கும் தடித்த கறுப்புக் கண்ணாடிக்கும் பஞ்சமா என்ன? ஆனால் அந்த மண்ணிறக் கோட்டு அப்பாவினுடையதுதான். அதன் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

அப்பாவுக்குப் பக்கத்தில் அவருடைய தங்கை ராணி மாமி. கோட்டுக்குக் கீழே பச்சைப் பட்டுச் சேலை மினுங்கியது. அவவுக்கு அடுத்ததாக, டூட்டிங்கில் எங்கள் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்த பரமேஸ் அண்ணை. பின்வரிசை முழுக்கக் கோயிலிலும் கடைத்தெருவிலும் பார்த்துப் பழகிய முகங்கள்.

அது நாட்டின் கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டி. ஸ்கொட்லாந்தில் இருந்தும் வேல்ஸில் இருந்தும்கூட அணிகள் வந்திருந்தன. சனிக்கிழமை ஒவ்வொன்றாகக் கழிந்துபோய், ஞாயிறு மத்தியானம் மிஞ்சி நின்றவை இரண்டு அணிகள். அதில் ஒன்று எங்களுடைய பொலிடெக்னிக். அதை நாங்களே அரைவாசிதான் நம்பினோம்.

"அப்பா வந்திருக்கிறார்" என்று டோனாவின் தோளில் இடித்தேன். டோனா எங்கள் அணித் தலைவி. பிரிக்ஸ்டனில் பிறந்து வளர்ந்த ஜமெய்க்கப் பெண்.

"அதில் எவர் உன் அப்பா?" என்று கேட்டாள்.

"அந்த இரண்டு வரிசையும் என் ஆட்கள்தான்" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை இப்போது எழுதவே கை கூசுகிறது.

பிறகு ஏன் விட்டனீங்கள்?

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில், கல்லூரிக் காலத்தில் கூடைப்பந்துப் பைத்தியமாக இருந்தேன் என்று ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டு மறந்தும்போனேன். ஒரு திருமண வீட்டில், கையில் பலகாரத் தட்டோடு வந்த ஒரு வாசகி என்னை மறித்துக்கொண்டா.

"உங்களைப் பாத்தால் பந்து விளையாடின ஆள் மாதிரியே தெரியேல்லை. பிறகு ஏன் விட்டனீங்கள்?"

முதல் வாக்கியத்தை நான் மன்னித்துவிட்டேன். என் இடுப்பைப் பார்க்கிற எவருக்கும் வருகிற சந்தேகம்தான் அது. இரண்டாவது கேள்விக்கு, "படிப்புக் கூடிப்போச்சு" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு நழுவினேன். அந்தப் பொய் அன்றிலிருந்து தொண்டையில் நிற்கிறது.

நான் பந்து பிடித்த கதை மிகச் சாதாரணம். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் இருந்து அப்பாவோடு லண்டன் வந்தேன். நான் கொஞ்சம் உயரம். பொலிடெக்னிக்கில் முதல் வாரமே, விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்த ஜேனட், நடைபாதையில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்குப் புதன்கிழமைகளில் வேலை ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டாள். எனக்கு எந்தக் கிழமையிலும் வேலை இருக்கவில்லை. பேச ஒரு ஆளும் இருக்கவில்லை.

உண்மையில் விளையாட்டைவிட அந்த மண்டபம்தான் எனக்கு முதலில் பிடித்தது. மெழுகு பூசிய மரத்தரையில் ரப்பர்ச் சப்பாத்துகள் கீச்சிடுகிற சத்தம். வெளியே பனியும் இருட்டும். உள்ளே வேர்வையும், தசைப்பிடிப்புக்குப் பூசுகிற களிம்பின் நெடியும். அங்கே யாரும் என்னை "ஊரிலை என்ன புதினம்?" என்று கேட்கமாட்டார்கள். அவர்களுக்குத் தேவை நான் பந்தை ஒழுங்காக வாங்கிக் கொடுப்பது ஒன்றுதான். வாரத்தில் அந்த இரண்டு மணித்தியாலம் மட்டும் நான் அகதியாக இருக்கவில்லை.

இருவரில் ஒருத்தி

அப்பா ஒரு போட்டிக்கும் வந்ததில்லை. காற்சட்டை போட்டுக்கொண்டு பெண்பிள்ளை ஓடுவது பிடிக்காமல் வரவில்லை என்று நீங்கள் நினைத்தால், அது தப்பு. அப்பாவுக்கு அந்தக் கோணல் கிடையாது. அவருக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை.

அம்மாவும் அண்ணாவும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். கொழும்பு வீட்டை விட்டு ஓடிவந்தபோது, அப்பா ஒரு பிள்ளையைத்தான் உடனே கூட்டிக்கொண்டு வரக்கூடியதாக இருந்தது. என்னைத் தெரிவு செய்தார். "பொம்பிளைப் பிள்ளையை இஞ்சை விட்டிட்டுப் போக ஏலாது. குகன் ஆம்பிளைப் பிள்ளை, சமாளிப்பான்" என்று சொன்னார். குகன் என்பது அண்ணா. அப்போது அண்ணாவுக்கு மீசை சரியாக அரும்பியிருக்கவில்லை. அவன் என் தலையில் ஒரு குட்டுக் குட்டிவிட்டு, "போய்க் குளிருக்கை கிட, நான் பின்னாலை வாறன்" என்றான்.

அந்தப் "பின்னாலை வாறன்" என்பதை வைத்துக்கொண்டுதான் அப்பா உயிர் வாழ்ந்தார். பகலில் ஒரு பண்டகசாலையில் வேலை. பின்னேரம் பெற்றோல் நிலையத்துக் கவுண்டரில் ஷிப்ட். வெள்ளிக்கிழமை தவறாமல் ரயிலேறி ஆர்ச்வேக்குப் போய், மேட்டில் இருக்கிற முருகன் கோயிலில் மகனுக்காக ஒரு அர்ச்சனை. சாப்பிட உட்கார்ந்தால், "அவன் வந்தால் அந்தச் சின்ன அறையைக் குடுப்பம்" என்பார். அந்தச் சின்ன அறையில் அண்ணாவுக்கென்று ஒரு கட்டில், வாங்கியபடியே பொலித்தீன் உறையோடு கிடந்தது.

நான் விளையாடப் போகிறேன் என்றால் மறிக்கமாட்டார். ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடும்போது ஒரு பார்வை பார்ப்பார். அவன் அங்கே பதுங்குகுழிக்குள் கிடக்கிறான், நீ பந்தடிக்கப் போகிறாய் என்று அந்தப் பார்வைக்கு நானே அர்த்தம் செய்துகொள்வேன். அவர் வாய் திறந்து அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆகவே எனக்கு ஒரு ஆசை இருந்தது. கிண்ணம் கிடைக்கிறதோ இல்லையோ, அப்பா ஒரே ஒரு தரம் வந்து பார்க்கவேண்டும். என்னைக் கூட்டிக்கொண்டு வந்தது வீண் போகவில்லை என்று அவருக்குத் தோன்றவேண்டும். இறுதிப் போட்டிக்கு முந்திய வியாழக்கிழமை வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை ஃபைனல் வரைக்கும் போனால் வருவியளோ அப்பா?"

"ஷிப்ட் இருக்குப் பிள்ளை" என்றார். அதோடு கதை முடிந்தது. வெள்ளி பின்னேரம் நான் பையோடு டோனா வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் போட்டிக்கும் அங்கிருந்து போவதுதான் வசதி. சனி இரவு, ஃபைனலுக்கு வந்துவிட்டோம் என்று ரெலிபோனில் பரமேஸ் அண்ணையிடம் மட்டும் சொன்னேன்.

சோதினை முடியட்டும்

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டில் பிள்ளை சோதினை எழுதிக்கொண்டிருந்தால், யார் செத்தாலும் பிள்ளைக்குச் சொல்லமாட்டார்கள். "சோதினை முடியட்டும்" என்பார்கள். ஊரே சேர்ந்து வாயை மூடிக்கொள்ளும்.

என்னோடு படித்த ஒருத்தியின் தாய், அவளுடைய உயர்தரப் பரீட்சை நடுவில் செத்துப்போனா. பிள்ளையை ஒரு ஆசிரியை வீட்டில் தங்கவைத்து, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி, மிச்சத்தையும் எழுதவைத்தார்கள். கடைசிப் பாடம் எழுதிவிட்டு, அம்மாவுக்குப் பிடிக்கும் என்று தோடம்பழ இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவளுக்கு மருத்துவப் படிப்புக் கிடைத்தது. பார்த்தீர்களா, சொல்லாமல் விட்டது எவ்வளவு நல்லது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அவளை ஒருவரும் கேட்கவில்லை.

எங்களுடைய ஞாயிறு காலை நடந்ததைப் பரமேஸ் அண்ணை எனக்குப் பிறகு, பல வருடங்களில், துண்டுதுண்டாகச் சொன்னார்.

கொழும்பில் இருந்து ரெலிபோன் வந்தது. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் கிடையாது. அங்கிருந்து யாராவது பஸ் ஏறி, சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கொழும்பு வந்து சேர்ந்தால்தான் லண்டனுக்குச் செய்தி வரும். வந்த செய்தி நாட்பட்டது. பேக்கரிக்குப் பாண் வாங்கச் சைக்கிளில் போன அண்ணாவை ஹெலிகொப்டரில் இருந்து சுட்டுவிட்டார்கள். உடலை எரித்தும் ஆயிற்று. கொள்ளி வைத்தது அம்மாவின் தமையனின் மகன். அந்த நேரம் அப்பா பெற்றோல் நிலையத்தில் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டு இருந்திருப்பார்.

ராணி மாமி விம்பிள்டனில் இருந்து ஓடிவந்தா. சனம் கூடிவிட்டது. அப்பா அந்தப் பொலித்தீன் கட்டிலில் போய் இருந்துகொண்டு அசையவில்லையாம். அழவும் இல்லையாம்.

"அண்ணை, தங்கச்சிக்கு இப்ப சொல்லி என்ன?" என்று பரமேஸ் அண்ணைதான் தொடங்கினார். "அங்கை எல்லாம் முடிஞ்சுது. இனி ஓடிப்போய்ச் செய்யிறதுக்கு ஒண்டும் இல்லை. இண்டைக்கு அவளுக்குப் பெரிய விளையாட்டு. சோதினை மாதிரித்தான் அண்ணை. முடியட்டும்."

எல்லாரும் ஓம் என்றார்கள். அப்பா கட்டிலில் இருந்தபடியே சொன்னார்.

"விளையாடட்டும். ஆனால் நான் அங்கை இருக்கவேணும். முடிஞ்ச கையோடை நான்தான் அவளுக்குச் சொல்லுவன். வேறை ஒருத்தரும் வாய் திறக்கப்படாது."

அவரைத் தனியே விட முடியுமா? இழவு வீட்டுக்காரரைத் தனியே அனுப்புகிற சனமா நாங்கள்? அப்படித்தான் வந்தது அந்த இரண்டு வரிசை. மாமி உடுத்தியிருந்தது பழைய வெள்ளைச் சேலை. "இதோடை போனால் பிள்ளை கண்டுபிடிச்சிடும்" என்று வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பட்டுச் சேலை மாற்றி, பொட்டும் வைத்துக்கொண்டு வந்தா.

வெறுங்கையோடு வந்தவர்கள்

எனக்கு இவை எதுவும் தெரியாது. அப்பா வந்திருக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும்.

அன்று நான் ஆடியது போல அதற்கு முன்னும் ஆடியதில்லை, பின்னும் ஆடியதில்லை. கால் நிலத்தில் படவில்லை. பந்து போன இடத்திலெல்லாம் நான் இருந்தேன். கூடைக்குள் பந்து விழுகிற ஒவ்வொரு முறையும் மேலே பார்த்துச் சிரித்தேன். மேலே இருந்து கைதட்டல் வந்தது. பரமேஸ் அண்ணை எழும்பி நின்று தட்டினார். மற்ற அணி பந்து போட்டபோதும் தட்டினார். டோனா அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கையைத் தட்டுங்கோ, பிள்ளை பாக்கிறாள்" என்று அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் அவருக்கு விளையாட்டு விளங்கவில்லை என்று நினைத்தேன்.

இடைவேளையில் எங்களுக்குத் தோடம்பழத் துண்டுகள் கொடுத்தார்கள். ஒன்றை வாயில் வைத்துக்கொண்டே படிகளில் ஏறி ஓடினேன்.

"சொல்லாமல் கொள்ளாமல் வந்திட்டியள், என்ன?"

அப்பா என் நெற்றியில் ஒட்டியிருந்த மயிரை ஒதுக்கிவிட்டார். "வேர்த்துக் கிடக்கு. துவாயாலை துடை. தடிமன் பிடிக்கும்" என்றார். அவருடைய கை ஐஸ் போல இருந்தது. வெளிக்குளிர் என்று எடுத்துக்கொண்டேன்.

"மாமி, பட்டுச் சேலை எல்லாம் அமர்க்களமாக் கிடக்கு! ரோல்ஸ் ஒண்டும் கொண்டரேல்லையோ? எங்கடை ஆக்கள் வெறுங்கையோடை வெளிக்கிட்டதை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

நான் மட்டும்தான் சிரித்தேன். எங்கள் சனம் மூன்று ஸ்டேஷன் தள்ளிப் போவதென்றாலும் ஒரு பெட்டி சாப்பாடும் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியும் இல்லாமல் போகாது. இத்தனை பேர் வந்திருக்கிறார்கள், ஒரு வாழைப்பழம் கூட இல்லை. இழவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். அது என் மூளைக்கு எட்டவே இல்லை.

"அவசரத்திலை வெளிக்கிட்டனாங்கள் தங்கச்சி" என்றார் பரமேஸ் அண்ணை. "நீ போ. போய் விளையாடு."

போகிற போக்கில் நான் இன்னொன்றும் சொன்னேன். "வெண்டால் மெடலை அண்ணாட்டைச் சேர்ப்பிக்கவேணும் அப்பா. இல்லாட்டி அவன் நம்பமாட்டான்."

"ஓம் பிள்ளை" என்றார் அப்பா.

மாமி குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினா. நான் திரும்பி ஓடிவந்த பிறகும் தேடிக்கொண்டே இருந்தா.

யாரும் மறிக்காத எறி

ஆட்டம் முடிய ஒரு சில விநாடிகள். இரண்டு பக்கமும் சமமான புள்ளிகள். நான் பந்தோடு உள்ளே பாய்ந்தபோது, மற்ற அணிக்காரி ஒருத்தி என் கையில் அடித்துவிட்டாள். நடுவர் விசில் ஊதினார். எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.

விளையாட்டுத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஃப்ரீ த்ரோ என்றால், கூடைக்கு நேரே ஒரு கோட்டில் நின்று, யாரும் மறிக்காமல், நிதானமாக எறியலாம். பயிற்சியில் நான் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். இரண்டில் ஒன்று விழுந்தால் போதும், கிண்ணம் எங்களுக்கு.

மண்டபம் அடங்கிவிட்டது. பந்தைத் தட்டினேன். எறிவதற்கு முன் ஒரு தரம் மேலே பார்த்தேன். எல்லாரும் கூடையைப் பார்க்கிறார்கள், அப்பா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். அவரும் சிரிக்க முயன்றார். அப்பா வெளியிடத்தில் சிரிக்கிற ஆள் இல்லை. அந்தச் சிரிப்பு என்னை என்னவோ செய்தது.

முதலாவது, வளையத்தில் பட்டுச் சுழன்று வெளியே விழுந்தது. இரண்டாவது வளையத்தைத் தொடவே இல்லை. நேரம் முடிந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெருமூச்சுக் கிளம்பியது. ஜேனட் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஒலிபெருக்கியில், ஆட்டம் சமநிலை, கூடுதலாக ஐந்து நிமிடம் விளையாடப்படும் என்று அறிவித்தார்கள்.

நான் மேலே பார்த்தேன். பரமேஸ் அண்ணை அப்பாவின் காதுக்குள் ஏதோ சொன்னார். அப்பா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, கண்ணை மூடிக் கும்பிட்டார். கோயிலில் திரை விலகும்போது கும்பிடுவாரே, அப்படி. அத்தனை வெள்ளைக்காரர் நடுவில்.

"உன் அப்பா பிரார்த்தனை செய்கிறாரா?" என்று டோனா கேட்டாள்.

"நாங்கள் வெல்லவேண்டும் என்று" என்றேன். தவறவிட்ட வெட்கத்திலும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது. என்னுடைய விளையாட்டுக்காக அப்பா முருகனைக் கூப்பிடுகிறார்!

அந்த ஐந்து நிமிடத்தையும் பேய் பிடித்தவள் போல ஓடினேன். ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றோம்.

மாமி அழுத விதம்

நான் அழுதேன். சும்மா அல்ல, தரையில் முட்டுக்காலில் இருந்து, துவாயை முகத்தில் அமத்திக்கொண்டு அழுதேன். பிறகு எழும்பி, அழுதபடியே படிகளில் ஏறி அப்பாவிடம் போனேன்.

"எல்லாம் போச்சு அப்பா. என்னாலைதான். என்னாலைதான் எல்லாம் போச்சு."

அப்பா எழும்பினார். சொல்வதற்கு அவர் ஒரு வசனம் கட்டி வைத்திருந்திருக்க வேண்டும். காலையில் இருந்து அதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். அவர் வாய் திறப்பதற்குள் ராணி மாமி பரமேஸ் அண்ணைப் பக்கம் திரும்பினா.

"ஆர் சொன்னது? ஆர் இவளுக்குச் சொன்னது?"

ஒரு பந்து விளையாட்டுக்காக ஒரு பிள்ளை இப்படி அழும் என்று மாமிக்கு எப்படித் தெரியும்? அவவுக்குத் தெரிந்த உலகத்தில், அப்படி அழுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. யாரோ உளறிவிட்டார்கள், பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டா. காலையில் இருந்து பட்டுச் சேலைக்குள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பெருங்குரல் எடுத்தா.

"ஐயோ என்ரை குஞ்சு, உனக்குத் தெரிஞ்சு போச்சோ! எங்கடை ராசாவைச் சுட்டுப் போட்டாங்களடி! குகனை எரிச்சும் போட்டாங்களாமடி! நீ ஏன் அம்மா உன்னாலை எண்டிறாய், உன்னாலை இல்லையடி!"

எனக்கு அப்படித்தான் விஷயம் தெரியவந்தது.

பின்வரிசைப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள். கூரை உயரமான மண்டபம். சத்தம் மேலே போய்த் திரும்பி வந்தது. கீழே எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். தோல்வியை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிற ஒரு சனத்தை அவர்கள் அதற்கு முன் கண்டிருக்கமாட்டார்கள்.

ஜேனட் படியேறி ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள். "விடு பிள்ளை, இது விளையாட்டுத்தானே. அடுத்த வருடம் இருக்கிறது" என்றாள். வென்ற அணியில் இருந்த ஒருத்தி, என் கையில் அடித்தவள்தான் என்று நினைக்கிறேன், மாமியின் முதுகைத் தடவி மன்னிப்புக் கேட்டாள். அவர்களுக்கு விஷயத்தைச் சொல்ல எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

அப்பா என் விளையாட்டுப் பையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். அவரை ஒருவரும் கட்டிப்பிடிக்கவில்லை. பரமேஸ் அண்ணை, எல்லாரும் ஏறி வந்த வானை வாசலுக்குக் கொண்டுவரப் போய்விட்டார்.

இரண்டாமிடத்துக்கான என் மெடலை மறுநாள் டோனா கொண்டுவந்து தந்தாள். அதற்குள் அவளுக்கும் தெரிந்துவிட்டது. டூட்டிங் வீட்டில் பாய் விரித்துப் பெண்கள் இருந்த இடத்தில், அவளும் நீண்ட கால்களை மடக்கிக்கொண்டு இருந்தாள். யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பின்னேரம் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனாள்.

நான் திரும்பப் போகவில்லை. ஜேனட் ஆள் அனுப்பினாள், நேரிலும் வந்தாள். அண்ணாவின் முப்பத்தோராம் நாள் கிரியை கழிந்த பிறகு, டோனாவின் தொல்லை தாங்காமல் ஒரு புதன்கிழமை போனேன். பந்தைக் கையில் வாங்கினேன். கண் தன்பாட்டில் மேலே போனது. மாடம் வெறுமையாக இருந்தது. இருந்தும், எனக்குத் தெரியாத எதையோ தெரிந்துவைத்துக்கொண்டு மேலே யாரோ கை தட்டுகிறார்கள் என்ற நினைப்பு. பந்தை டோனாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசகி கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

அந்த நினைப்பு விளையாட்டோடு போகவும் இல்லை. என் கல்யாணத்தில் சனம் சிரித்துக்கொண்டு நின்றபோது, நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என் பிள்ளை பிறந்தபோது பூவோடு வந்தவர்களையும் அப்படித்தான் பார்த்தேன். முழுச் சந்தோஷம் என்று ஒன்று எனக்கு அதன் பிறகு வரவில்லை. இனி வரும் என்ற எண்ணமும் இல்லை. இதை ஆறுதல் தேடி எழுதவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அண்ணா செத்த பிறகு அம்மா லண்டன் வந்து சேர்ந்தா. விமான நிலையத்தில் என்னைத் தாண்டிப் பின்னால் யாரையோ தேடினா. அந்தக் கட்டிலில்தான் அம்மா படுத்தா. பொலித்தீன் உறையைக் கழற்ற அப்பா விடவில்லை. மேலே துணி விரித்துக் கொடுத்தார்.

கீச்சிடுகிற சத்தம்

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அப்பாவும் நானும் வருடக்கணக்காகப் பேசவில்லை. எனக்கு அவரில் கோபம் இருந்தது. ஒரு போட்டிக்குத்தான் வந்தார், அதுவும் எனக்காக வரவில்லை. என்னைச் சிரிக்கவிட்டு மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இதை அவரிடம் கேட்கவும் முடியாது. கேட்காமல் இருக்கவும் முடியாது.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு காலை, கண் கிளினிக்குக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கண்ணுக்கு மருந்து விட்டு, காட்சி மங்கிக் கண்மணி விரியும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். சுவரில் ஒரு ரீவி ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு அது வெறும் வெளிச்சமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் சத்தம் கேட்டது. மரத்தரையில் ரப்பர்ச் சப்பாத்துகள் கீச்சிடுகிற சத்தம்.

அப்பா தலையைச் சரித்துக் கேட்டார்.

"உது நீ விளையாடின விளையாட்டெல்லோ?"

"ஓம் அப்பா."

மருந்து வழிந்த கன்னத்தைக் கைலேஞ்சியால் ஒற்றிக்கொண்டார்.

"அண்டைக்கு ஆர் பிள்ளை வெண்டது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடமாக அவருக்கு அது தெரியாது! நான் என்னத்துக்கு அழுதேன் என்பதுகூட அவருக்கு விளங்கியிருக்கவில்லை.

"தோத்திட்டம் அப்பா" என்றேன். "கடைசியிலை எனக்கு ரெண்டு எறி கிடைச்சது. ஒண்டைப் போட்டிருந்தாலும் அப்பவே வெண்டிருப்பம். ரெண்டையும் விட்டிட்டன்."

"விட்டது நல்லது" என்றார் அப்பா.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் அப்பா அப்பிடிச் சொல்லுறியள்? நீங்களும்தானே வெல்லவேணும் எண்டு கும்பிட்டனீங்கள். நான் கண்டனான். ரெண்டு கையையும் தூக்கி."

"வெல்லுறதுக்கில்லைப் பிள்ளை." அவர் ரீவிப் பக்கமே முகத்தை வைத்திருந்தார். "முடியப்போகுது, இனி உன்னட்டைச் சொல்லவேணும் எண்டு நான் எழும்ப வெளிக்கிட்டனான். அப்பத்தான் பரமேஸ் சொன்னவன், இல்லை அண்ணை, இன்னும் அஞ்சு நிமிசம் குடுத்திருக்கினம் எண்டு. அதுக்குத்தான் கும்பிட்டனான். இன்னும் அஞ்சு நிமிசம் உனக்கு அண்ணா இருந்தவன்."

உள்ளே இருந்து அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் தரமும் கூப்பிட்டார்கள். நான் எழும்பவில்லை.